நெளிந்த பம்பரும் ஆர்.சி. புத்தகமும்

அம்பாசிடரின் அடிபட்ட பம்பரைச் சரி செய்வதா, மாற்றுவதா? பதில் பட்டறையில் இல்லை. வண்டியின் வயதில் இருக்கிறது.

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது மல்லிக் பஜார். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, டெல்லிக்கு மாயாபுரி எப்படியோ, அப்படி இந்த ஊருக்கு இது. நாகரிகமாகச் சொன்னால் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் சந்தை. பச்சையாகச் சொன்னால் வரிசையாகக் காயலான் கடைகள். இந்த மாதிரிச் சந்தைகளைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரே கிண்டல்தான்: வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால், தேடி வந்த சாமான் கிடைத்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் அது நம் வண்டியிலிருந்தே கழற்றியதாக இருக்கும்.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தையை விட்டால் அதிகம் போக்கிடம் இல்லை. கொல்கத்தாவுக்கு மிக அருகே, ஹூக்ளி மாவட்டத்தின் உத்தர்பாராவில் இருந்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. அதன் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் பெயரே ஹிந்த் மோட்டார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாக வைத்து 1957-ல் உருவான அம்பாசிடர், அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கிருந்துதான் வந்தது. 2014 மே 24-ம் தேதி ஆலையில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். கதவு மறுபடி திறந்து கார் வரவில்லை. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயரையே பிரான்ஸின் பெஜோ நிறுவனத்துக்கு ரூ. 80 கோடிக்கு விற்றார்கள். பெயர் கைமாறியது. தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு பம்பர் செய்து தருவது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதனால்தான் சிக்னலில் பின்னால் வந்த மினி பஸ் மெல்ல முட்டிவிட்டுப் போனால்கூட, அம்பாசிடர்காரருக்கு அது சின்ன விஷயமாக இருப்பதில்லை. நடுவில் ஒரு ஒடுக்கு. ஒரு முனை உள்ளே மடங்கி மட்கார்டைத் தொடுகிறது. பம்பரின் மேல் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஓவர்ரைடர் ஒன்று சாய்ந்துவிட்டது. இந்தக் கொம்புகள் அழகுக்கு வைத்தவை அல்ல. ஒரு காரின் பம்பர் இன்னொன்றின் மேலோ கீழோ ஏறிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அவற்றை வைத்தார்கள்.

பட்டறைக்குப் போனால் இரண்டு யோசனை கிடைக்கும். ஒன்று, பழையதை நிமிர்த்தி மறுபடி முலாம் போடலாம். இரண்டு, கடையில் பளபளவென்று தொங்கும் ஒன்றை வாங்கி மாட்டலாம். எது லாபம் என்று விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் வழக்கம். ஆனால் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது வண்டியின் ஆர்.சி. புத்தகம்.

டாக்சியை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தா டாக்சி சங்கம் 1962-ல் அம்பாசிடரை டாக்சிக்கான வண்டியாக ஏற்றது முதல், இந்த ஊரின் டாக்சி என்றால் அதுதான். ஆனால் 2008-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 15 வயது தாண்டிய வணிக வாகனங்கள் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். கணக்கு எளிது. கடைசி அம்பாசிடர் 2014-ல் வந்தது. விதி இப்படியே நீடித்தால் 2029-ஐ ஒட்டி மஞ்சள் அம்பாசிடர் டாக்சியின் கதை முடிந்துவிடும்.

இன்னும் ஓரிரண்டு வருடமே ஓடப்போகும் டாக்சிக்கு முறையான முலாம் போடுவது வீண் செலவு. ஒடுக்கை எடுத்து, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு பெயின்ட் பூசினால் போதும். மல்லிக் பஜாரில் நேராக இருக்கும் பழைய பம்பர் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதுவும் சரிதான். சவாரி ஏறுபவர் பம்பரின் மினுக்கைப் பார்த்து ஏறுவதில்லை.

சொந்தக் காருக்குக் கணக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி அதன் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பிப்பது இப்போது மலிவான காரியமல்ல. ரூ. 600 ஆக இருந்த மத்திய அரசின் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக்கினார்கள். போதாததற்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு 2022 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 வயது தாண்டிய வண்டிகளை, சொந்த வண்டி உட்பட, ஆறு மாதத்தில் விலக்க வேண்டும் என்றது அது. ஆகவே பெரிய தொகையைப் பம்பரில் போடுவதற்கு முன், பதிவைப் புதுப்பிக்க முடியுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார்களைப் பாரம்பரிய வண்டியாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்களுக்கு அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. பத்து வருடம் செல்லும். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். 1975-ல் வந்த மார்க் 3 அம்பாசிடர்கள் இப்போதுதான் இந்த வயதை எட்டிப் பிடிக்கின்றன. வண்டி மூல வடிவத்தில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. பம்பரை மாற்றியதற்காக யாரும் பதிவை மறுக்கப்போவதில்லை. ஆனால் மூல வடிவம் என்றதும் முதலில் கண்ணில் படுவது முகப்புதான். கூடப் பிறந்த பம்பரும் கூட ஒட்ட வைத்த பம்பரும் தெரிந்தவர் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும்.

சரி, காப்பாற்றுவது என்று முடிவு செய்தாகிவிட்டது. அடுத்தது வேலை. முதலில் பார்க்க வேண்டியது பம்பரை அல்ல, அதைத் தாங்கும் பிராக்கெட்டை. பல சமயம் கோணியிருப்பது அதுதான். பிராக்கெட்டை நிமிர்த்தி மாட்டினால் பம்பர் தானாக நேராகிவிடும். வருடக்கணக்கில் துருப்பிடித்த போல்ட்டுகளை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும். முதல் நாள் இரவே மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டு ஊற வைப்பது நல்லது.

பம்பரே நெளிந்திருந்தால் டிங்கரின் கை வேண்டும். நல்ல டிங்கர் அவசரப்பட்டு கேஸ் வெல்டிங் ஜ்வாலையைக் காட்ட மாட்டார். சூடு பட்டால் குரோமியம் நீலம் பாரித்து உரியும். மரக்கட்டையும் சுத்தியலும் வைத்துப் பின்பக்கத்திலிருந்து தட்டித் தட்டி ஒடுக்கு எடுப்பார். அதன் பிறகும் மிஞ்சும் பள்ளத்தைக் கதவிலும் மட்கார்டிலும் செய்வது போலப் பட்டி வைத்து நிரப்ப முடியாது. முலாம் போடுவது மின்சாரத்தால். பட்டியில் மின்சாரம் பாயாது. அங்கே முலாமும் பிடிக்காது. பட்டி வைத்துவிட்டு ‘குரோம் போட்டுத் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் அடிக்கப்போவது வெள்ளி நிற ஸ்பிரே பெயின்ட்.

முறையான முலாம் ஒரே பூச்சு அல்ல. பழைய குரோமியத்தை அமிலத்தில் கரைக்க வேண்டும். நிக்கலையும் உரித்தெடுக்க வேண்டும். வெறும் இரும்பை பஃப் அடித்து வழவழப்பாக்க வேண்டும். பிறகு செம்பு. சின்னச் சின்னத் துருப் பள்ளங்களை நிரப்புவது இந்தச் செம்புதான். அதை மறுபடி பஃப் அடித்து அதன் மேல் நிக்கல். கடைசியில் குரோமியம். வாடிக்கையாளர் காசு கொடுப்பது குரோமியத்துக்கு என்று நினைக்கிறார். உண்மையில் அந்தக் கடைசிப் பூச்சின் கனம் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது. தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணாடி போன்ற பளபளப்பைக் கொடுப்பதும், இரும்பைத் துருவிலிருந்து காப்பதும் பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கல்தான். அந்த நிக்கல் மங்காமலும் கீறாமலும் பார்த்துக்கொள்வது குரோமியத்தின் வேலை.

மலிவு பம்பரின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. செம்பை விட்டுவிட்டு, நிக்கலைப் பெயருக்குப் பூசி, மேலே குரோமியம் காட்டினாலும் கடை விளக்கில் அது அசலைப் போலவே ஜொலிக்கும். வித்தியாசத்தைச் சொல்வது கொல்கத்தாவின் மழைக்காலம். டன்டனியாவிலும் சென்ட்ரல் அவென்யூவிலும் முழங்கால் தண்ணீரில் ஓரிரண்டு முறை நீந்தி வந்தால் போதும். மேலே பழுப்புப் புள்ளிகள் முளைக்கும். அடுத்து கொப்புளம். இருக்கும் பம்பரின் இரும்பு தடிமனாக இருந்தால், அதை நிமிர்த்தி முலாம் போடும் செலவு புதுசின் விலையைத் தாண்டினாலும் அதுதான் சிக்கனம். இரும்பே அரித்து ஓட்டை விழுந்திருந்தால்தான் மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

மாற்றுவதென்றால் பழைய பம்பரைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அம்பாசிடர் எல்லாம் ஒன்றுதான் என்பது தூரத்துப் பார்வை. மார்க் 2, மார்க் 3, 1979-ல் வந்த மார்க் 4, 1990-ல் வந்த நோவா என்று முகப்பு மாறிக்கொண்டே வந்தது. போல்ட் துளைகளைப் பழையதோடு வைத்துப் பொருத்திப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் பேசும் பொய்யைப் பின்பக்கம் பேசாது. ரசீதும் கேட்டு வாங்க வேண்டும். மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை திருட்டு வண்டிகளை உடைத்து விற்பதற்குப் பேர்போனது. 2021-ல் போலீஸ் நடவடிக்கையில் அது முடங்கியது. ரசீது இல்லாத சாமானால் வரும் தொல்லை, சாமானைவிடப் பெரியதாக இருக்கலாம்.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. நெளிந்த பம்பரை அப்படியே விட்டு, அதன் முன்னால் தடித்த இரும்புக் குழாயை வளைத்து மாட்டிவிடுவது. இது சட்டப்படி தவறு. இத்தகைய தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் நியாயமானது. மோதலின் வேகத்தை வளைந்து கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டிய முகப்பை அந்தக் கம்பி விறைப்பாக்கிவிடுகிறது. குறுக்கே வந்த நடைபாதைக்காரருக்கு அது உலக்கை அடி.

இரும்பு பம்பரின் காலம் உலகத்தில் எப்போதோ மலையேறிவிட்டது. 1972-ல் பிரான்ஸின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது. இந்தியாவில் மாருதி 800 வீடு வீடாக நுழைந்த பிறகு நம் கண்ணுக்கும் அது பழகியது. அந்த மாருதி 800-ம் 2014 ஜனவரியில் நின்றுபோனது. அம்பாசிடருக்கும் அதற்கும் நாலே மாத இடைவெளி. பழைய மாருதிக்காரரின் கவலை துரு அல்ல. வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக், உடைந்த கிளிப், பாதி உரிந்து தொங்கும் பீடிங். பம்பரின் உட்புறத்தில் அது என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருந்தால், அதே வகைக் குச்சியை உருக்கித்தான் விரிசலை ஒட்ட வேண்டும். சாதாரணப் பசை பாலிப்ரொப்பிலீனில் நிற்காது. அதற்கென்ற அடிப்பூச்சு இல்லாமல் பெயின்ட்டும் நிற்காது. உள்ளே அமுங்கிய பள்ளத்தைக் கொதிநீர் ஊற்றிப் பின்னாலிருந்து தள்ளினால் பல சமயம் வெளியே வந்துவிடும். பீடிங் உரிந்தால் பழைய பசையைச் சுத்தமாக எடுத்துவிட்டு இருபுறமும் ஒட்டும் டேப் போட்டால் போதும்.

ஆனால் குரோமியத்தின் பளபளப்புக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது காரின் சொந்தக்காரர் அல்ல, முலாம் தொட்டியின் அருகே நிற்பவர். தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் மூக்கின் நடுச்சுவர் புண்ணாகும். நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு சிறப்பு அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. அலங்கார முலாமில் அதைப் படிப்படியாக ஒழிக்க கலிஃபோர்னியா 2023-ல் விதி செய்தது. தமிழர்களுக்கு இந்த நஞ்சு புதிதல்ல. 1990-களின் நடுவில் மூடப்பட்ட ராணிப்பேட்டை குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அந்த மஞ்சள் நீரைச் சுற்றுவட்டாரக் கிணறுகள் இன்னும் மறக்கவில்லை. சந்துக்குள் திறந்த தொட்டியும் வெறுங்கையுமாக வேலை செய்யும் இடத்தைவிட, ஆவி உறிஞ்சும் மின்விசிறி, கையுறை, கழிவு நீரைச் சுத்திகரிக்கும் வசதி எல்லாம் வைத்திருக்கும் பட்டறை கூடுதலாகத்தான் கேட்கும். கூடுதல் கேட்பதற்கு அங்கே காரணம் இருக்கிறது. தீமை குறைந்த மூன்று இணைதிறன் குரோமிய முலாமும் உண்டு. நிறத்தில் சற்று மாறுபடும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அடிக்கடி முலாம் போட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது. பம்பர் பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து அரிக்கிறது. அங்கே முலாம் மெல்லியது. சேறு தங்கும். மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் ரெட் ஆக்சைடும் கறுப்பு பெயின்ட்டும் அடித்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய தெருவில் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். முன்பக்கத்தில் லேசாகத் துருப் புள்ளி தெரிந்தால் உப்புத்தாள் வேண்டாம். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் புள்ளி போய்விடும். பிறகு மெழுகு பாலிஷ்.

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழரானாலும் ஷியாம்பஜார் வங்காளியானாலும் அம்பாசிடர்காரர்களுக்கு இப்போதைக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. வயது முடிந்த டாக்சிகள் உடைபட உடைபட, அவற்றின் பம்பர்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கும். ஊரின் மஞ்சள் நிறம் குறையக் குறைய மல்லிக் பஜாரின் சரக்கு கூடும். இந்த வரத்தை நிரந்தரம் என்று நம்பிவிடக் கூடாது. உடைக்க டாக்சியே இல்லாத நாள் வரும். 2025-ல் பாரம்பரிய டாக்சி என்ற பெயரில் கொல்கத்தா தெருவுக்கு வந்த புது மஞ்சள் கார்களின் பம்பர் பிளாஸ்டிக். அதை நிமிர்த்த டிங்கர் தேவையில்லை. வேலை குறைந்தால் சுத்தியல் பிடிக்கும் கையும் வேறு தொழில் தேடிக்கொள்ளும்.

அதனால், புதுசு மாட்டுவது என்று முடிவு செய்தவரும் கழற்றிய பழைய பம்பரை அங்கேயே எடைக்குப் போட்டுவிட்டு வர வேண்டாம். பின்பக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, வீட்டுப் பரணில் போட்டு வைக்கலாம். இரண்டு மழைக்காலம் கழித்து அது தேவைப்படலாம்.